கம்பியா கத்தரியா? கடலோரத்துக்கு எந்த போன்சாய்

ராமேஸ்வரத்துக்கு முன்னாடி இருக்குற மண்டபம் ஊர்ப் பக்கம் போன்சாய், அதான் தொட்டியில குட்டையா வளக்குற மரம், வைக்கணும்னா ஜப்பான் ஸ்டைலா, சீனாவோட லிங்னான் ஸ்டைலான்னு கேட்டா நான் லிங்னான்னுதான் சொல்வேன். ஜப்பான்ல பைன், ஜுனிப்பர் மாதிரி ஊசியிலை மரங்களுக்கு செம்பு இல்லனா அலுமினியக் கம்பி சுத்தி கிளைய வளைப்பாங்க, நம்ம வெயில்ல கிளை சீக்கிரம் தடிச்சு கம்பி பட்டைக்குள்ள பதிஞ்சிரும், தழும்பு ஆற வருஷமாகும். லிங்னான் ஸ்டைலோட ஊரான தென் சீனா குவாங்டாங்லயும் வெக்கைதான், அங்க கம்பிய அவ்வளவா நம்பாம வளரவிட்டு வெட்டி, மறுபடி வளரவிட்டு வெட்டியே வளைவு கொண்டு வருவாங்க, பொறுமை வேணும் ஆனா அந்த முறிவு முறிவான கிளை அவ்ளோ அழகு. அவங்க ஆசையா வளக்குற ஃபுக்கியன் டீங்கிற செடி நம்ம குரங்கு வெத்தலைதாங்க!

ஒண்ணுல மட்டும் ஜப்பான்தான் எனக்கு, ஃபுகினகாஷின்னு காத்துக்கு ஒரே பக்கமா சாஞ்ச வடிவம், தனுஷ்கோடி ரோட்டுல கடக்காத்துல சாஞ்சு நிக்கிற உடமரம் அப்படியே அதுதான்.