ரிசார்ட்டா, பாண்டி பீச் ரோடா: வீல்சேரில் கடலுக்குப் போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் கடலோரமாக இரண்டு நாள் தங்க இரண்டு வழி இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு முன்னும் பின்னும் வரிசையாக இருக்கும் ரிசார்ட்டுகளில் ஒன்றில் அறை எடுக்கலாம். இல்லையென்றால் நேராகப் புதுச்சேரிக்குப் போய், ஊருக்குள் ஓர் ஓட்டலில் தங்கிக்கொண்டு பீச் ரோட்டுக்குப் போய்வரலாம். இரண்டிலும் தங்கிப் பார்த்தாயிற்று. முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து நான் கையால் தள்ளும் சாதாரண வீல்சேரில் இருக்கிறேன். என் ஓட்டு பாண்டிக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ரிசார்ட்டில் அமைதி, தோட்டம், கூட்டமில்லாத கரை. வாடகை அதிகம், சாப்பாட்டுக்கும் அவர்கள் வைத்ததுதான் விலை. பாண்டியில் சனி ஞாயிறு நெரிசல் தாங்காது, ஆனால் நம் கைக்கு ஏற்ற வாடகையில் அறை தேடலாம், சாப்பிட வெளியே பல கடை உண்டு. மாமல்லபுரம் சென்னையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர், பாண்டி சுமார் 150. இந்த வித்தியாசம் எங்களுக்குச் சின்ன விஷயமில்லை. உட்கார்ந்த இடத்தில் உணர்ச்சி இல்லாதவர்களுக்குப் படுக்கைப்புண் பயம் எப்போதும் இருக்கும். வழியில் அங்கங்கே நிறுத்தி உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து எடையை மாற்றிக்கொண்டுதான் போகவேண்டும். தூரத்தில் ரிசார்ட்தான் ஜெயிக்கிறது.

மற்றதெல்லாம் தரை. சக்கரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு விஷயமே.

நான் தங்கிய ஒரு ரிசார்ட்டில் அறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே நூறடிகூட இருக்காது. வழி முழுக்கப் புல்வெளி, அதில் ஒரு சாண் இடைவெளி விட்டுவிட்டுப் பதித்த கல். படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. வீல்சேரின் முன்னால் இருக்கும் குட்டிச் சக்கரம் அந்த இடைவெளியில் இறங்கியதும் வண்டி அப்படியே நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னால் போகும். வயிற்றுத் தசையில் பிடிமானம் இல்லாத என்னைப் போன்றவர்கள் குப்புற விழுவது இப்படித்தான். இதற்கு இருக்கும் ஒரே வழி, வண்டியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் போகிறமாதிரி யாராவது பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போவது. அறையைப் பார்த்தபடியே சாப்பிடப் போவோம், சாப்பிட்ட இடத்தைப் பார்த்தபடியே அறைக்குத் திரும்புவோம். காலையில் ஒரு காபி வேண்டுமென்றாலும் ஆளைக் கூப்பிடவேண்டும்.

அங்கே வேலை செய்கிற தம்பிகள் தங்கமானவர்கள். "நாங்க நாலு பேர் இருக்கோம் சார், தூக்கிட்டுப் போயிடறோம்" என்று ஓடிவருவார்கள். ஆனால் தூக்குகிறவர்கள் முதலில் பிடிப்பது கைதாங்கியையும் கால்தாங்கியையும்தான். பல வண்டிகளில் அவை இரண்டுமே கழன்று வருகிற பாகங்கள். அடியில் இருக்கும் சட்டத்தைப் பிடியுங்கள் என்று ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொல்லவேண்டும். விடுமுறைக்கு வந்த இடத்தில் ஒருநாளைக்கு எத்தனை தடவை நம்மை மற்றவர்கள் தூக்குகிறார்கள் என்று எண்ண ஆரம்பித்துவிட்டால் கடல் மனதில் நிற்காது.

சாய்தளம் உண்டு என்று தொலைபேசியில் சொல்வதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. சரியான சாய்வு 1:12, அதாவது ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஏழு அங்குலத்தில் இரண்டு படி என்றால் பதினான்கு அடி நீளச் சாய்தளம் தேவை. நான் பார்த்ததில் பெரும்பாலும் நாலடிப் பலகையை எடுத்துவந்து படிமேல் சாய்த்துவைத்திருப்பார்கள். அதில் ஏற இருவர் தள்ளவேண்டும், இறங்கும்போது உயிர் போய் உயிர் வரும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுமக்களுக்குச் சேவை தரும் தனியார் இடங்களுக்கும் சேர்த்துத்தான். பலகையை எடுத்து வைப்பதைப் பெரிய உதவியாக நாம் வாங்கிக்கொள்ளத் தேவையில்லை.

அப்புறம் மணல். 'அறையிலிருந்து நேராகக் கடற்கரை' என்று விளம்பரத்தில் போடுவார்கள். அது நடக்கிறவர்களுக்கு. தண்ணீர் ஓரத்து ஈர மணல் கெட்டியாக இருக்கும், சக்கரம் ஓரளவு ஓடும். அங்கே போய்ச் சேர நடுவில் இருக்கும் காய்ந்த மணலைத் தாண்டவேண்டுமே. முன்சக்கரம் முழுதாகப் புதைந்துவிடும், கை வலிக்கத் தள்ளினாலும் பின்சக்கரம் இருந்த இடத்திலேயே குழி தோண்டும். கடைசியில் தோட்டத்து ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, குடும்பம் அலையில் நிற்பதைத் தள்ளியிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாண்டியில் இந்தக் கதை மாறிவிடுகிறது. கூபேர் அவென்யூ என்கிற பீச் ரோட்டில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளை விடுவதில்லை. அதனால் நடைபாதையின் விளிம்பு எத்தனை அங்குலம், ஏற இடம் எங்கே என்ற கவலையே இல்லை, தார்ச்சாலை முழுக்க நமக்குத்தான். சமதளம், ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஒரு பக்கம் கடல். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவிடம், தெற்குக் கோடியில் துய்ப்ளே சிலை என்று நம் வேகத்தில் போகலாம். நுழையும் இடத்தில் தடுப்பு நெருக்கமாக இருந்தால், சொன்னதும் காவலர் நகர்த்திக் கொடுத்தார்.

இங்கே எனக்குக் கிடைத்தது தனியாகப் போவது. காந்தி சிலைப் பக்கம் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுண்டலோடு உட்கார்ந்திருக்க, நான் பாட்டுக்குத் தெற்குக் கோடிவரை உருட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன். யாரும் தள்ளவில்லை, 'வரட்டுமா' என்று யாரும் கேட்கவும் இல்லை. மறுநாள் விடியும்முன், வேகநடை போடுகிறவர்களுக்கு நடுவில் இன்னொரு சுற்று. கை காய்க்கிற அளவுக்குத் தள்ளிவிட்டு உப்புக்காற்றில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் சுகம், அடிபட்டபின் எனக்கு வேறு எந்தச் சுற்றுலாவிலும் கிடைத்ததில்லை.

பாண்டியில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. முதல் குறை பெரியது: அங்கே கடலைத் தொடமுடியாது. கரை முழுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்தபிறகு மணல் சேர்ந்திருக்கிறது, ஆனால் அதில் இறங்குவதும் பழைய மணல் கதைதான். இரண்டாவது, பிரெஞ்சுத் தெருக்களில் இருக்கும் அழகான பழைய வீட்டு ஓட்டல்கள். பலவற்றில் வாசலிலேயே உயரமான படி, உள்ளே மாடிப்படி, லிஃப்ட் கிடையாது. மனசு அங்கேதான் இழுக்கும். அதை விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி இருந்தாலும் லிஃப்ட் உள்ள புதுக் கட்டடத்தில் அறை எடுப்பது நல்லது. பகலில் நடைபாதைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: பைக், மின்பெட்டி, கடைப்பலகை. ஆறு மணிக்குமேல்தான் பாண்டி நம்முடையது.

கடலைத் தொட்டே ஆகவேண்டும் என்றால் அதற்குச் சென்னை மெரினா இருக்கிறது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக நிரந்தர மரப்பாதை திறந்தார்கள். 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். திறந்த இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள். மணலில் ஓடும் அகலச் சக்கர வண்டியும் அங்கே வைத்திருக்கிறார்கள். அதில் உட்கார்ந்தால் இன்னொருவர்தான் தள்ளவேண்டும், நாமே ஓட்ட முடியாது. இருந்தாலும் காலில் அலை படும். போகும் வழியிலோ திரும்பும்போதோ ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள்.

பாத்ரூம் விஷயத்தில் ரிசார்ட்டையும் பாண்டியையும் பிரித்துச் சொல்ல எனக்கு மனமில்லை, இரண்டு பக்கமும் ஒரே லட்சணம். மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட வழிகாட்டி விதிப்படி கதவு 90 சென்டிமீட்டர் திறப்பு தரவேண்டும். வீல்சேர் அகலமோ 60 முதல் 66 சென்டிமீட்டர். பல ஓட்டல்களின் பாத்ரூம் கதவு அதற்கும் குறுகலாக இருக்கும், கூடவே ஒரு தடுப்புக்கல். 'வீல்சேர் வருமா' என்று கேட்டால் எல்லோரும் வரும் என்றுதான் சொல்வார்கள். கதவைத் திறந்து, குறுக்கே டேப் பிடித்து, எண் தெரிகிறமாதிரி ஒரு படம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முன்பணம் அதற்கப்புறம் கட்டுங்கள்.

சில விஷயங்களில் என் அனுபவம் போதாது. பேட்டரியில் ஓடும் வீல்சேரோடு நான் கடற்கரைக்குப் போனதில்லை, கனமான அந்த வண்டியை யாரும் தூக்கமுடியாது என்பதால் தரை இன்னும் முக்கியமாகிவிடும் என்று நினைக்கிறேன். செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம் 2021-ல் நீலக்கொடிச் சான்று (சுத்தம், பாதுகாப்பு, வசதிகளைப் பார்த்துத் தரும் சர்வதேசச் சான்று) பெற்ற கடற்கரை, அங்கே தங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்லமுடியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தப் பக்கமும் போனதில்லை. நீச்சல்குளம்தான் உங்கள் பிள்ளைகளுக்கு முக்கியம், உடன் வலுவான ஆள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றால் ரிசார்ட்டே உங்களுக்குச் சரியாக இருக்கலாம்.

எங்கே போனாலும் வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் சக்கரத்தைக் கழுவி, துடைத்து, முன்சக்கர பேரிங்கில் மணல் இருக்கிறதா என்று சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கவேண்டும், உப்பு ஏறிவிட்டால் புதிதாகத்தான் மாற்றவேண்டியிருக்கும்.

பாண்டி போகிறவர்கள் மாமல்லபுரத்தை விட்டுவிடத் தேவையில்லை. அர்ச்சுனன் தபசு சாலையோரத்திலேயே இருக்கிறது, ஒரு படிகூட ஏறாமல் தெருவில் நின்றே முழுச் சிற்பத்தையும் பார்க்கலாம். காலையில் அங்கே ஒரு மணி நேரம், வழியில் மதியச் சாப்பாடு, அறைக்குப் போய்ப் படுத்து முதுகை நீட்டிக்கொண்டால், பீச் ரோட்டில் வண்டிகளை நிறுத்தும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம்.