பாயிண்ட்டா, மாட்யூலா? தோப்பில் நிற்கும் இரண்டு பழைய பெட்ரோல் டிராக்டர்கள்

டிராக்டர் என்றாலே டீசல் என்று ஆகிவிட்ட ஊர் இது. டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது, பேட்டரி வோல்ட்டைப் பொறி பறக்கும் அளவுக்கு ஏற்றும் காயில் தொல்லையும் இல்லை. ஆனால் பண்ருட்டிப் பக்கம் எங்கள் முந்திரித் தோப்பில் ஃபெர்குசன் டிஇ20 இரண்டு நிற்கின்றன, ஒன்று என்னுடையது, இன்னொன்று சித்தப்பாவுடையது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் ரகம். என் வண்டியில் பழைய பாயிண்ட்டே இருக்கிறது, அதாவது காயில் கரண்ட்டைத் திறந்து மூடிப் பொறி வரவைக்கும் தொடுமுனை. சித்தப்பா போன ஐப்பசியில் அதே வேலையை எலக்ட்ரானிக்காகச் செய்யும் மாட்யூலுக்கு மாறினார். அதனால் இரண்டையும் ஒரே வேப்பமர நிழலில் திறந்து வைத்துப் பார்க்க வாய்த்தது.

அவர் மாறிய காரணத்தில்தான் கதையே இருக்கிறது. மழை பிடித்ததும் வண்டி மிஸ் அடித்தது. பாயிண்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், பாயிண்ட் எரியாமல் காக்கும் கண்டன்சரை மாற்றினார், சரியாகவில்லை. கடலூரில் ஒரு கடையில், "பாயிண்ட்டெல்லாம் அந்தக் காலம்ணே, மாட்யூல் போட்டுடுங்க" என்றார்கள். போட்டார். இரண்டு வாரம் ஓடியது. பிறகு அதே மிஸ், இந்த முறை கூடவே செல்ஃப் அடிக்கும்போது சுத்தமாக ஸ்பார்க்கே இல்லை.

என்னைக் கூப்பிட்டபோது பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை (பாயிண்ட்டும் மாட்யூலும் இதற்குள்தான்) நான் முதலில் சந்தேகிக்கவில்லை. மாட்யூலைக் கழற்றிவிட்டுப் பழைய பாயிண்ட் தட்டை மாட்டினேன். என்ஜினைக் கையால் சுற்றிப் பாயிண்ட் மூடும் இடத்தில் நிறுத்தி, சாவியைப் போட்டு, காயிலில் சாவிப்பக்க முனைக்கும் பாடிக்கும் நடுவே மீட்டர் வைத்தேன். பேட்டரியில் 12.4 வோல்ட், காயிலில் 9.1 தான். பாயிண்ட் திறந்திருக்கும்போது இதே இடத்தில் 12 காட்டும், ஏனென்றால் கரண்ட் ஓடாதவரை கோளாறு வெளியே தெரியாது. மூடிய நிலையில் பார்த்தால்தான் குட்டு உடையும். சாவி ஸ்விட்ச் முனையில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. கடல் காற்று எட்டும் தூரம், தோப்பில் கொட்டகைக்குச் சுவரும் இல்லை. சுரண்டித் துடைத்து முறுக்கியதும் 12.1 வந்தது. பாயிண்ட் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பாயிண்ட்டை எடுத்துவிட்டு மாட்யூல் போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில் இதுதான்: போடுவதற்கு முன் அந்த மூன்று வோல்ட்டைத் தேடுங்கள். தேடாமல் போட்டால் பழைய நோய் புதுச் சட்டை போட்டுக்கொள்ளும். சொல்லப்போனால் மோசமாகும். பேட்டரி இளைத்திருந்தாலும் பாயிண்ட் திறந்து மூடினால் ஏதோ ஒரு பொறி பிளக்கில் விழும், கைப்பிடி போட்டுச் சுற்றியே கிளப்பிவிடலாம். மாட்யூலுக்கு ஒரு குறைந்தபட்ச வோல்ட் வேண்டும். செல்ஃப் இழுக்கும்போது அது கிடைக்காவிட்டால் பேசாமல் இருந்துவிடும்.

அப்படியென்றால் மாட்யூலில் என்ன லாபம்? நிறைய இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரில் சுழலும் கேமில் காந்த வளையம், தட்டில் அந்தக் காந்தம் கடப்பதை உணரும் ஹால் சென்சார். உரசுகிற பாகமே இல்லை. பாயிண்ட்டில் உரசும் கட்டை தேயத்தேய இடைவெளி குறையும், குறையக்குறைய டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பின்னுக்குப் போகும். லூகாஸ் கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டர்கள் பலவற்றில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு வைக்கச் சொல்வார்கள், அதை வருடத்துக்கு ஒருமுறையாவது பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) விட்டுப் பார்க்கத்தான் வேண்டும். மாட்யூலில் அந்த வேலை இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஆடுகிற வண்டியில் பாயிண்ட் இடைவெளி ஒரு சிலிண்டருக்கு ஒன்றாக அலையும், ஹால் சென்சார் அந்த ஆட்டத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். தினம் வண்டி எடுக்கிறவருக்கு நான் தயங்காமல் மாட்யூலையே சொல்வேன்.

ஆனால் அது பொறுக்காதவை சில உண்டு. இந்த ஃபெர்குசனில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் போகும். நம்மூர் எலக்ட்ரீஷியன் பழக்க தோஷத்தில் நெகட்டிவை எர்த் என்று நினைத்து வயரைக் கொடுத்தால் மாட்யூல் அந்த நொடியே போய்விடும். பாசிட்டிவ் எர்த்துக்கென்று தனி மாட்யூல் கேட்டு வாங்க வேண்டும். அடுத்தது காயில். 3 ஓம் காயிலில் 12 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர் ஓடும். 1.5 ஓம் காயிலை, கரண்ட்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டினால் 8 ஆம்பியர். நான்கு சிலிண்டர் வண்டியில் பாதிப் பேர் மாட்யூலைச் சுடுவது இங்கேதான், மீதிப் பேர் சாவியைப் போட்டபடியே என்ஜின் ஓடாமல் விட்டுச் சுடுகிறார்கள். சித்தப்பா இரண்டாவது ரகம். ஸ்விட்ச்சைச் சரிசெய்த பிறகு மாட்யூலைத் திரும்பப் போட்டு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் சாவியைத் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது காயில் கை வைக்க முடியாத சூடு, மாட்யூல் செத்துவிட்டது. பாயிண்ட்டும் மூடிய இடத்தில் நின்றால் காயில் சுடத்தான் செய்யும். ஆனால் உப்புத்தாள் இருந்தால் பாயிண்ட்டை எழுப்பிவிடலாம், மாட்யூலை எதைப் போட்டுத் தேய்ப்பது?

நம் மெக்கானிக்குகளுக்கு இன்னொரு பழக்கம்: எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது. பாயிண்ட் வண்டியில் கையில் அடி வாங்குவதோடு போச்சு. மாட்யூல் வண்டியில் போக வழியில்லாத உயர் வோல்ட் உள்ளே திரும்பி மாட்யூலையே அடிக்கலாம். காப்பிட்ட ஸ்க்ரூடிரைவரால் பிளக் தலையைப் பாடிக்குத் தட்டிப் பார்ப்பது தேவலாம். செம்புக் கம்பி வயரும் இதற்கு ஆகாது, கார்பன் வயர் போடவேண்டும். ட்ரெய்லர் கொக்கி வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியையும் மாட்யூலையும் கழற்றிவிடுங்கள்.

இடைவழி ஒன்றும் உண்டு. பாயிண்ட்டை அப்படியே விட்டுவிட்டு, காயில் கரண்ட்டை டிரான்சிஸ்டர் பெட்டி ஒன்று சுமக்கும். பாயிண்ட் எரியாது, கண்டன்சர் வேண்டாம், பெட்டி போனால் இரண்டு வயரை மாற்றிப் பழையபடி ஓட்டலாம். குறை என்னவென்றால் உரசும் கட்டை தேய்வது நிற்காது. சிறு கரண்ட் என்பதால் பாயிண்ட்டில் படியும் எண்ணெய்ப் பிசுக்கைப் பொறி எரித்துத் தள்ளாது, நாமே துடைக்கவேண்டும். முழு எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரை நான் இந்த வண்டிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வேகத்துக்கேற்பப் பொறியை முன்கூட்டி விடும் அட்வான்ஸ் அதில் காருக்கென்று வைத்தது, மெதுவாக உழைக்கும் மண்ணெண்ணெய் என்ஜினுக்குப் பொருந்துவது அபூர்வம்.

எதைப் போட்டாலும் ஸ்பார்க் இல்லை என்றால் சோதனை ஒன்றுதான். காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனைக்கும் பாடிக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் வைத்து செல்ஃப் அடியுங்கள். விளக்கு கண் சிமிட்டினால் பாயிண்ட்டோ மாட்யூலோ வேலை செய்கிறது. பிறகு காயில், டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர் (உள்ளே சுழலும் கை), மூடி, வயர் என்று போகலாம். மழைக்காலத்தில் மூடிக்குள் ஈரமும் பொறி கசிந்த நூல் போன்ற கறுப்புக் கோடும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருந்தாலோ எரியாமலே இருந்தாலோ, முதலில் காயிலுக்கு வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தட்டைக் கழற்றுங்கள். மாட்யூல் மாற்றியவர்கள் டைமிங்கைத் திரும்ப வைக்க மறந்துவிடுகிறார்கள். பாயிண்ட் திறந்த அதே இடத்தில் மாட்யூல் பொறி விடாது.

சித்தப்பா இப்போது இரண்டாவது மாட்யூல் வாங்கலாமா என்று கணக்குப் பார்க்கிறார். மாதம் இரண்டு முறை தண்ணீர் டேங்க் இழுக்கும் வண்டிக்கு வேண்டாம் என்றேன். அவர் கேட்பதாக இல்லை. என் டூல் பெட்டியில் துணியில் சுற்றிய ஒரு பாயிண்ட் தட்டும், ஏற்கெனவே ஒரு வாரம் வண்டியில் போட்டு ஓட்டிப் பார்த்த ஒரு கண்டன்சரும் இருக்கின்றன. இப்போது வரும் கண்டன்சரில் பெட்டியைப் பிரிக்கும்போதே செத்தது கிடைக்கிறது, ஓட்டிப் பார்க்காததை ஸ்பேர் என்று நான் எடுத்து வைப்பதில்லை.