இகுவானா கூண்டு செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

ஊட்டியில் பச்சை இகுவானா என்ற பெரிய பல்லி இனம் ஒன்றை வளர்க்கிறேன். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் முறையாகப் பதிவு செய்திருக்கிறேன். மூக்கிலிருந்து வால் நுனி வரை நாலரை அடி. டிசம்பர், ஜனவரியில் இங்கே புல்வெளியில் உறைபனி விழும். இகுவானா குளிர்காயும் கிளையில் பகலில் 35 டிகிரியாவது வேண்டும். உடம்பு சூடாகாவிட்டால் தின்ற கீரை செரிக்காது.

அதனால் ஆறடி உயரம், ஐந்தடி அகலத்தில் குளிர் புகாத கூண்டு ஒன்றைச் செய்யச் சொல்லி, ஆன்லைனில் ஆர்டர் எடுக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். ஈரம் தாங்கும் மரைன் ப்ளைவுட், எல்லாப் பக்கமும் குளிரைத் தடுக்கும் ஒரு இன்ச் எக்ஸ்.பி.எஸ். நுரை போர்டு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய் என்று பேச்சு. வண்டியிலிருந்து இறக்கிய அன்றே பாக்கி முழுவதையும் கொடுத்தேன். மேலே ஒட்டியிருந்த மைக்காவைப் பார்த்து நம்பிவிட்டேன்.

மூன்றாவது வாரம் அடிப்பலகை உப்பியது. ஈரப்பதத்துக்காகத் தினமும் தண்ணீர் தெளிக்கிறோம் இல்லையா, அந்த ஈரத்தில் விளிம்பு ஊறி, நகத்தால் கீறினாலே மாவாக உதிர்ந்தது. மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை! கேட்டதற்கு, "மேடம், நீங்க தண்ணி அதிகமா அடிச்சிருக்கீங்க" என்றார்.

அடுத்த வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு வீடெங்கும் கருகல் வாடை. ஓடிப்போய்ப் பார்த்தால், 150 வாட் செராமிக் ஹீட்டர் மாட்டிய பிளாஸ்டிக் ஹோல்டர் உருகி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அந்த ஹீட்டரின் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும். பீங்கான் ஹோல்டர்தான் போட வேண்டும். அன்று நான் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மறுநாள் எங்கள் தெரு ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டு மைக்காவைப் பிரித்தோம். பக்கச் சுவர்களுக்குள் டிவி பெட்டியில் வருகிற உடைந்த தெர்மாகோல் துண்டுகள். பின்சுவரும் கூரையும் வெறும் காலி. தெர்மாகோல் 100 டிகிரிக்கு முன்பே இளகிவிடும், பக்கச் சுவரில் ஹீட்டருக்கு அருகே இருந்த துண்டு சுருங்கிக் கிடந்தது. தெர்மோஸ்டாட்டின் சென்சாரை ஹீட்டரை ஒட்டியே பொருத்தியிருந்தார். அங்கே சூடானதும் ஹீட்டர் நின்றுவிடும், கீழே 16 டிகிரிதான்.

எனக்கு இதைவிடவும் வலித்தது யுவிபி (ஒரு வகைப் புற ஊதாக் கதிர்) விளக்கு. அதை அக்ரிலிக் தகட்டுக்கு மேலே வைத்திருந்தார். வெளிச்சம் வரும், யுவிபி கிட்டத்தட்ட வரவே வராது. கண்ணாடியும் அப்படித்தான். யுவிபி இல்லாவிட்டால் வைட்டமின் டி3 உருவாகாது, கால்சியம் உடம்பில் சேராது. என் இகுவானாப் பிள்ளையின் முன்கால் விரல்கள் துடிக்க ஆரம்பித்ததை நான் குளிர் நடுக்கம் என்று நினைத்துவிட்டேன். கால்நடை மருத்துவர் பார்த்ததும் கால்சியம் குறைவு என்றார். நல்ல வேளை, எலும்பு வளையவில்லை.

பணம் திரும்பி வரவில்லை. பில்லும் கிடையாது, இப்போது போனையும் எடுப்பதில்லை.

யாராவது செய்யக் கொடுத்தால், மைக்கா ஒட்டுவதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள், முடியாவிட்டால் வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். பலகையில் மரைன் ப்ளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று நாள் விலங்கு இல்லாமல் ஓடவிட்டு, மேலே ஒன்று கீழே ஒன்று என டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த பிறகு பாக்கியைக் கொடுங்கள்.

ஆசாரி அண்ணன் புதிதாகச் செய்துகொடுத்த கூண்டில் நேற்று ராத்திரி 24 டிகிரி இருந்தது. காலையில் முருங்கைக் கீரை முழுவதையும் தின்றுவிட்டான்.