பழைய ஆம்னிக்கு கார்ப் ரிப்பேர் கிட்: வாங்கலாம், ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கார்புரேட்டர் (சுருக்கமாக கார்ப்; காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) வைத்த மாருதி ஆம்னி கறுப்பாகப் புகைகிறது, பெட்ரோல் வாடை வருகிறது, மைலேஜ் சரிந்துவிட்டது என்று போய் நின்றால் பல இடங்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "கார்ப் போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்." எங்கள் 1998 மாடலுக்கும் அதைத்தான் சொன்னார்கள். நாங்கள் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் ரிப்பேர் கிட் வாங்கிப் போட்டோம், வண்டி சரியாகிவிட்டது. சில நூறு ரூபாய்க்கு இது அருமையான பொருள், தயங்காமல் சொல்வேன். ஆனால் கிட் சரிசெய்யும் கோளாறு வேறு, சரிசெய்யாத கோளாறு வேறு. அதைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கினால் காசும் போகும், புகையும் நிற்காது.

அதனால் செலவே இல்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி, அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடுத்து சோக், அதாவது குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது காற்றைக் குறைக்கும் தகடு. இந்த வண்டிகளில் சோக் கையால் இழுக்கும் கேபிள்தான், குமிழை உள்ளே தள்ளிவிட்டாலும் கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்தால் கார்ப் வாயில் உள்ள தகடு பாதி மூடியபடியே நிற்கும். கார்பின் மேல்வாயைத் திறந்து வைத்து ஒருவரைக் குமிழைத் தள்ளச் சொல்லிவிட்டு, தகடு செங்குத்தாக நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதும். அப்புறம் பிளக்கைக் கழற்றுங்கள். மூன்று சிலிண்டர் எஞ்சின், மூன்று பிளக்கிலும் ஒரே மாதிரி உலர்ந்த கரி படிந்திருந்தால் மிக்சர் ரிச், அதாவது கலவையில் பெட்ரோல் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் கரி என்றால் அந்த சிலிண்டரின் பிளக், ஒயர், கம்ப்ரஷன் பக்கம் போக வேண்டும். எண்ணெய்ப் பசையோடு கறுப்பு என்றால் அது எஞ்சின் ஆயில், கார்புக்கு சம்பந்தமில்லை.

எல்பிஜி கிட் போட்ட ஆம்னி என்றால் இன்னும் எளிது. கேஸில் ஓட்டிப் பாருங்கள். கேஸில் சீராக ஓடி பெட்ரோலுக்கு மாற்றியதும் புகைந்தால் பிளக், கம்ப்ரஷன் எல்லாம் சரி, கோளாறு கார்பில்தான். கேஸிலேயே ஓடும் வண்டிகளில் இது அடிக்கடி வரும், ஏனென்றால் மாதக்கணக்கில் தொடாத பெட்ரோல், கார்பில் அது தேங்கி நிற்கும் ஃப்ளோட் அறைக்குள் ஆவியாகி பிசினாகப் படிகிறது, அறை நிரம்பியதும் மிதவை (ஃப்ளோட்) மேலெழும்பித் தள்ள, பெட்ரோல் வரும் வழியை மூட வேண்டிய நீடில் அதில் ஒட்டிக்கொள்கிறது.

எங்களுக்கு முடிவு சொன்ன சோதனை மிக்சர் ஸ்க்ரூ, அதாவது ஐட்லிங்கில் போகும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ. எஞ்சின் சூடானபின் ஐட்லிங்கில் அந்த ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகினால் பெட்ரோல் குறைந்து எஞ்சின் தடுமாற வேண்டும், முழுவதும் திருகினால் அணைய வேண்டும். எங்கள் வண்டி முழுவதும் திருகிய பிறகும் எதுவுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் ஐட்லிங் வழியைத் தாண்டி வேறெங்கோ பெட்ரோல் இறங்குகிறது. மேலிருந்து டார்ச் அடித்தால் கார்ப் வாய்க்குள் பெட்ரோல் வரும் நாசிலில் சொட்டுவது தெரிந்தது. நீடில் வால்வு மூடவில்லை, ஃப்ளோட் அறை நிரம்பி வழிகிறது. புகைக்கிறது என்றதும் இந்த ஸ்க்ரூவைத் திருகி அனுப்பிவிடுவது பழைய பழக்கம். அது ஐட்லிங்கை மட்டும் மாற்றும், ஓட்டத்தில் குடிக்கும் பெட்ரோலை ஒன்றும் செய்யாது.

இப்போது கிட். நீடிலும் அதன் சீட்டும், ஆக்சிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம், கேஸ்கெட்டுகள், ஓ-ரிங்குகள் இருந்தன. பழைய நீடிலின் கூம்பில் நகத்தால் தொட்டாலே தட்டுப்படும் அளவுக்கு வளையமாகத் தேய்ந்திருந்தது. புதிய நீடிலும் சீட்டும் கச்சிதம், டயாஃப்ரமும் நல்ல தரம். குறை என்றால் மேல்மூடி கேஸ்கெட்தான், ஒரு துளை சரியாகப் பொருந்தவில்லை, பிளேடால் கொஞ்சம் சீவ வேண்டியிருந்தது. ஜெட்டுகளும் (பெட்ரோலும் காற்றும் அளவாகப் போகும் நுண்துளைப் பாகங்கள்) ஃப்ளோட்டும் கிட்டில் வராது. ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே பெட்ரோல் அலம்பும் சத்தம் கேட்டால் அதைத் தனியாக வாங்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் புது நீடிலும் மூடாது. ஏர் ஜெட் துளைகளை கிளீனர் அடித்து காற்றில் ஊதுங்கள், கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். பெட்ரோல் மட்டம் பார்க்க அறையின் பக்கத்தில் சின்னக் கண்ணாடி இருக்கிறது, எஞ்சின் ஓடும்போது மட்டம் அதன் நடுவில் நிற்க வேண்டும்.

கிட் போட்டும் மட்டம் ஏறினால் பெட்ரோல் பம்ப் பக்கம் திரும்புங்கள், டேங்குக்குத் திரும்பிப் போகும் குழாய் அடைத்திருந்தாலும் அழுத்தம் கூடி நீடிலைத் தள்ளிவிடும். எஞ்சின் ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தும் பாருங்கள், வழிந்த பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கலாம். ஆயில் மட்டம் ஏறி பெட்ரோல் வாடை வந்தால் கார்ப் வேலை முடிந்த கையோடு ஆயில் மாற்றிவிடுங்கள், நீர்த்த ஆயிலில் ஓட்டினால் பேரிங் தேயும்.

இன்னொன்று. ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. கார்ப் வழிகிறது என்றால் அந்தப் பெட்ரோல் சூடான எஞ்சின் மேல், உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே வழிகிறது. குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் ஆம்னிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் ஓட்டுநர்கள் வண்டிக்குள் பெட்ரோல் வாடை வந்தால் "பழைய வண்டி, அப்படித்தான்" என்று விடவே கூடாது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் குழாய்களை அது ஊறவைத்து இளகச் செய்யும், ஆகவே கார்பைத் திறக்கும்போதே குழாய்களையும் மாற்றிவிடுங்கள்.

வேலை முடிந்தபின் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு, எங்கள் வண்டியைப் போன்ற அந்தக் காலத்து வண்டிகளுக்கான 3 சதவீத வரம்புக்குள் சௌகரியமாக வந்தது, பிளக்குகளும் இளம் பழுப்பு நிறத்துக்குத் திரும்பிவிட்டன. கிட்டுக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், ஒன்று குறைத்தது அந்த கேஸ்கெட்டுக்காக. கடைக்குப் போகும்போது பழைய நீடிலையும் மேல்மூடி கேஸ்கெட்டையும் கையோடு எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள்.