சோனகத் தெருச் சாப்பாட்டுக்கடை: வெள்ளிக்கிழமையில் போகாதீர்கள்

யாழ்ப்பாண நகரில் மதியச் சாப்பாட்டுக்கு மாட்டிறைச்சிக் கறி தேடுகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லக்கூடிய கடை ஒன்று, ஐந்து சந்தியிலிருந்து நடந்து போகும் தூரத்தில், முஸ்லிம்களின் பழைய குடியிருப்பான சோனகத் தெருவை ஒட்டிய ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. ஆறு மேசைகள், வடையும் ரோல்ஸும் அடுக்கிய ஒரு கண்ணாடிப் பெட்டி, பின்பக்கம் விறகடுப்போடு ஒரு குசினி, இவ்வளவுதான் கடை. கறியின் தரத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு புள்ளி போடலாம். கடை திறக்கும் ஒழுங்குக்கு முப்பது போடவும் மனம் வராது. இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான் என்பது நாலைந்து முறை சாப்பிட்டு, கடைக்காரரோடு பேசிய பிறகுதான் விளங்கியது. ஆகவே இந்த மதிப்புரை சாப்பாட்டோடு மட்டும் நின்றுவிடாது.

முதலில் கறி. நகரத்துக் கடைகள் பலவற்றில் இறைச்சியை முன்கூட்டியே அவித்து வைத்துக்கொண்டு, ஆள் வந்து கேட்கும்போது குழம்பில் போட்டுச் சூடாக்கிக் கொடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் குழம்பு ஒரு பக்கமும் இறைச்சி ஒரு பக்கமுமாக நிற்கும். நாக்குக்கு உடனே தெரிந்துவிடும். இங்கே காலையில் வாங்கிய இறைச்சி நெஞ்செலும்போடும் கொழுப்போடும் வெட்டப்பட்டு, வெங்காயம், இஞ்சி, உள்ளி, ரம்பையோடு தாளித்த சட்டியில் தூள் பிரட்டி, அடக்கமான நெருப்பில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடக்கிறது. தூள் முழுக்க முழுக்க யாழ்ப்பாணத்துத் தூள்: செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுத்து, கருகுவதற்குச் சற்று முன்னால் இறக்கி இடித்தது. ஆனால் முதற்பால் விடுகிற கை யாழ்ப்பாணத்துக் கை அல்ல. கடைசியில், அடுப்பை அணைப்பதற்குச் சற்று முன்னர், நம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் கண்டால் நட்டக் கணக்குப் பார்க்கும் அளவுக்குக் கட்டிப்பால் விழுகிறது. உறைப்பு குறைவதில்லை, அதன் முனை மட்டும் மழுங்கி, தொண்டையில் ஏறாமல் நாக்கிலேயே தங்குகிறது. சோற்றைப் பிசைந்து முடிக்கும்போது தட்டின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் எண்ணெய் நிற்கும். அதை வழித்துச் சாப்பிடாமல் எழுந்து போகிறவர்களை நான் அந்தக் கடையில் பார்க்கவில்லை.

இந்தக் கலவை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கடைக்காரர் தன் தாயைச் சொல்கிறார். அந்தத் தாய் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கேயே கலியாணம் முடித்து, தூள் இடிக்கும் முறையை மாமியாரிடம் கற்றவர். 1990இல் முஸ்லிம்கள் இங்கிருந்து துரத்தப்பட்ட பிறகு, வடமேற்குக் கரையிலுள்ள புத்தளத்தில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு சமைத்தார். குருநாகலும் சிலாபமும் சேர்ந்த தென்னை முக்கோணத்தின் ஒரு மூலை அது. முதல் சில ஆண்டுகள் தென்னந்தோட்டங்களில் கூலி வேலை பார்த்த குடும்பங்களுக்குப் பணத்துக்குப் பஞ்சம் இருந்தாலும் தேங்காய்க்குப் பஞ்சம் இருக்கவில்லை என்பது மகனின் விளக்கம். கடையின் சமையல் முறை அப்படித்தான் அமைந்தது.

காலையில் புட்டும் இடியப்பமும் உண்டு. சிவப்பரிசி மா இடியப்பம் மெல்லியதாக, ஒட்டாமல் பிரிகிறது. சொதி சில நாட்களில் புளி தூக்கலாக இருக்கிறது. சனிக்கிழமை மாலையில் மட்டும் கிடைக்கும் பாபத்துக் கறி, அதாவது மாட்டுக் குடல், சுத்தம் செய்வதில் காட்டும் அக்கறைக்காகவே பாராட்டுக்குரியது. வட்டிலப்பத்தைக் கித்துள் கருப்பட்டியில் செய்யாமல் பனங்கட்டியில் செய்கிறார்கள். நிறம் கறுப்பாகவும் ருசியில் ஒரு மெல்லிய உப்பு மறைந்தும் இருக்கும். எனக்குப் பிடித்தது, கொழும்பு வட்டிலப்பத்துக்குப் பழகியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். கொத்துரொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரொட்டி வெளியிலிருந்து வருகிறது, மத்தியானத்துக்குள் இறுகிவிடுகிறது. எவ்வளவு சத்தமாகக் கொத்தினாலும் அது மெதுவாவதில்லை.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். வியாழக்கிழமை பின்னேரம் பூட்டினால் கடை சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகுதான் திறக்கும். பள்ளிக்கூட விடுமுறைக் காலத்தில் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். முன்னறிவிப்பு எதுவும் இல்லை. கதவில் ஒரு மட்டைத் துண்டில் எழுதித் தொங்கவிட்டாலே போதும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தாரே தவிர எழுதவில்லை. பெரிய குளிர்பதனப் பெட்டி இல்லாததால் ஒரு மணிக்குப் பிறகு வருகிறவர்களுக்குக் கறி மிச்சம் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. பரிமாற ஒரே ஒரு பையன். கூட்டம் சேர்ந்தால் தண்ணீருக்குக்கூடக் கையைக் காட்டிக்கொண்டு இருக்க வேண்டும். கொழும்பிலோ கண்டியிலோ இப்படி ஒரு கடை நடந்தால் நான் இரண்டாவது முறை போயிருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் அவர் எங்கே போகிறார் என்ற கேள்விக்கு விடை எளிமையானது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் புத்தளத்தில் இருக்கிறார்கள். வியாழக்கிழமை இரவு வவுனியா, அநுராதபுரம் வழியாகப் பஸ் பிடித்து, ஜும்மாவுக்கு முன்னால் வீட்டுக்குப் போய், சனிக்கிழமை விடியத் திரும்புகிறார். மூத்த மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறார். புத்தளத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து நடுவில் பிடுங்கி இங்கே சேர்க்க அவருக்கு விருப்பமில்லை. ஒஸ்மானியாக் கல்லூரியும் கதீஜா மகளிர் கல்லூரியும் மீண்டும் நடக்கின்றன என்றாலும், இருபது வருடத்துக்கு மேல் வேறோர் ஊரில் வேர்விட்ட குடும்பம் ஒரு பாடசாலை திறந்ததற்காக மட்டும் எழுந்து வந்துவிடாது. நெருங்கிய சொந்தம், சீட்டுக்காசு, பிள்ளைகளின் சிநேகிதம் எல்லாமே அங்கேதான்.

கடைக்காரருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். அதே மாதத்தில் சாவகச்சேரியிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் இதுதான் நடந்தது. வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர் துரத்தப்பட்டார்கள். வெளியேறும் வழியில் சோதனை போட்டு, காதிலிருந்த தோட்டைக்கூடக் கழற்றி வாங்கினார்கள். தமிழ் பேசுகிற மக்களின் விடுதலைக்காகப் போராடுவதாகச் சொன்னவர்கள், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட அயலவர்களை இப்படி அனுப்பியதை யாழ்ப்பாணத்துத் தமிழர்களாகிய நாங்கள் இன்றும் தணிந்த குரலில்தான் பேசுகிறோம். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அதை அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். தவறு என்று சொன்னதால் பறிபோன கடைகள் திரும்பக் கிடைத்துவிடவில்லை.

அவருடைய தந்தைக்கு அதே சோனகத் தெருவில் தையற்கடை இருந்தது. மூன்று தையல் மெஷின்கள், பள்ளிக்கூடச் சீருடைக்கு ஒவ்வொரு மார்கழியிலும் வரிசை. புத்தளத்தில் அவர்கள் இறங்கியபோது உள்ளூர் முஸ்லிம்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். பிறகு கிடுகுக் குடிசை, பிறகு மண் சுவர், நெடுங்காலத்துக்குப் பிறகு கல் வீடு. காலம் போகப் போக வேலைக்கும் பாடசாலை இடங்களுக்கும் போட்டி வந்ததில் விருந்தோம்பலும் கசந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் முதல் இரவில் சோறு போட்டவர்களைக் குறை சொல்ல வாய் வராது என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

சமாதான காலத்தில், 2002க்குப் பிறகு, தந்தை தனியாக வந்து ஒரு மெஷினோடு கடையைத் திறந்தார். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டபோது மறுபடியும் விட்டுவிட்டுப் போனார். 2009இல் போர் முடிந்த பின் மகன் வந்தபோது கூரையும் கதவும் யன்னலும் இல்லாத நான்கு சுவர்களும், நடுவில் வளர்ந்த ஒரு வேப்பமரமுமே வீடாக இருந்தன. அந்த வருடம் வன்னியிலிருந்து முகாம்களுக்கு வந்த கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர்மீது உலகத்தின் கவனம் இருந்தது. இருந்தே ஆக வேண்டிய நேரம் அது. ஆனால் உதவி நிறுவனங்களும் அரசும் வகுத்த பட்டியலில் 2008க்குப் பிறகு இடம்பெயர்ந்தோர் முன்னுரிமை பெற, 1990இல் வெளியேற்றப்பட்டோர் ‘பழைய இடம்பெயர்ந்தோர்’ என்ற பிரிவில் பின்னால் தள்ளப்பட்டார்கள். வீட்டுத்திட்டம் கேட்டால் முதலில் இங்கே வந்து குடியிருந்து காட்டச் சொல்கிறார்கள். குடியிருக்க வீடு வேண்டுமே என்றால் அதற்கு விடையில்லை. 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் நான்கு குடும்பங்களாகத் திரும்பும்போது, காணி அதே இரண்டு பரப்பாகவே இருக்கிறது என்பது இன்னொரு சிக்கல்.

கடையின் பெயரை நான் எழுதாததற்குக் காரணமும் இதற்குள்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மீள்குடியேறியவர் என்று பதிந்தால் புத்தளத்துப் பதிவை வெட்டிவிடுவார்கள்; அதோடு அங்கே மனைவி பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கொடுப்பனவுக்கும் பாடசாலை அனுமதிக்கும் சிக்கல் வரும். புத்தளத்தில் பதிந்தால் இங்குள்ள வீட்டுத்திட்டம் கைவிட்டுப் போகும். இடம்பெயர்ந்தோர் தம் சொந்த மாவட்டத்தில் வாக்காளராகப் பதிய வழிசெய்யும் 27ஆம் இலக்கச் சட்டம் 2013இல் வந்தபோது வாக்குச் சீட்டுக்கு மட்டும் ஒரு தற்காலிக வழி பிறந்தது. சோற்றுக்கும் கூரைக்கும் அப்படியொரு சட்டம் வரவில்லை. எனவே எந்த ஊர்க்காரர் என்று ஒரு படிவம் கேட்டால், அவர் படிவத்தைப் பார்த்துத்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது. யாராவது இந்த மதிப்புரையை அச்செடுத்துக்கொண்டு விசாரிக்கப் போவதை நான் விரும்பவில்லை.

பரிமாறும் பையன் ஒருவனே என்று குறைப்பட்டேன் அல்லவா, அதற்கும் இதுவே காரணம். மனைவி இங்கே இருந்தால் குசினிக்கு ஒரு கை கூடும், தம்பி இருந்தால் காசுமேசைக்கு ஆள் கிடைக்கும். தாய் வருடத்தில் பாதி நாள் இங்கே வந்து தூள் இடித்து வைத்துவிட்டுப் போகிறார். தூள் முடிந்த வாரங்களில் கறியின் ருசி சற்றே இறங்குவதை வழக்கமாகச் சாப்பிடுகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். குளிர்பதனப் பெட்டி வாங்கக் கடன் கேட்டால், பிணைக்கு நிலையான முகவரி கேட்கிறார்கள்.

வாடிக்கையாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரியாஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்க வருகிறவர்கள், பழைய இரும்பு வியாபாரிகள், கட்டட வேலையாட்கள், பல்கலைக்கழகப் பொடியன்கள் என்று எல்லோரும் வருகிறார்கள். பாதிக்கு மேல் தமிழர்கள். நான் இருந்த ஒரு மத்தியானம், எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் கை கழுவிக்கொண்டே, “நானா, இந்த ஒழுங்கை முகப்பில ஒரு தையற்கடை இருந்தது, என்ர பெடியளுக்கு அங்கதான் தைக்கக் குடுக்கிறனான்” என்றார். கடைக்காரர் காசை எண்ணிக்கொண்டே, “அது வாப்பாட கடைதான் அண்ணை. உங்கட பெடியள்ட அளவுக் கொப்பி இருந்திருக்கும், அதையும் விட்டுட்டுத்தான் போனவர்” என்றார். பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு மிச்சக் காசை வாங்காமல் போகப் பார்த்தார். அவரைத் திருப்பிக் கூப்பிட்டு, ஐம்பது ரூபாயைக் கையில் கொடுத்து அனுப்பினார் கடைக்காரர். இரக்கப்பட்டுச் சாப்பிட வருகிறவர்கள் அவருக்கு வேண்டாம் என்பதை அன்று நான் கவனித்தேன். மதிப்புரையில் குறைகளை மழுப்பாமல் எழுதுவதும் அதனால்தான்.

சுத்தத்துக்குக் குறை சொல்ல முடியாது. மேசைகள் ஒவ்வொரு முறையும் துடைக்கப்படுகின்றன, குடிநீர் கொதித்தாறியது. கைகழுவும் இடத்தில் சவர்க்காரம் இருக்கிறது, துடைக்கக் கடதாசி இல்லை. சோறு, மாட்டிறைச்சி, பருப்பு, ஒரு மரக்கறி, சம்பல் சேர்ந்த மதியச் சாப்பாடு 650 ரூபாய். சோறு மறுபடி கேட்டால் கணக்கில்லை, கறி கேட்டால் 250. பார்சல் கட்டுவார்கள், ஆனால் கறியைத் தனிப் பையில் ஊற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சோறு ஊறிக் களியாகிவிடும். ஞாயிறு முதல் புதன் வரை பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் போவது நல்லது. வியாழக்கிழமை போனால் பன்னிரண்டுக்கு முன்னரே போய்விடுங்கள்; பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று அன்றைக்கு அடுப்பை வேளைக்கே அணைத்துவிடுகிறார்.