இசைக் கோட்பாடு: ஓர் இணையவழிப் பல்கலைக்கழகப் பாடத்தின் மதிப்புரை

இளங்கலை மாணவர்களுக்காக வகுக்கப்பட்ட மேற்கத்திய இசைக் கோட்பாட்டுப் பாடம் ஒன்றை இணையவழியில் அண்மையில் படித்து முடித்தேன். கோட்பாட்டைக் காதால் உணரச் செய்யும் இடங்களில் அது மிகச் சிறப்பாகவும், விதிப்பட்டியலாக மாற்றிவிடும் இடங்களில் ஏமாற்றமாகவும் இருந்தது.

சுருதிப் பகுப்பைப் பற்றிய முதல் அலகுக்காகவே இதில் சேரலாம். சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையிலான 3:2 என்ற அதிர்வெண் விகிதத்தைப் பன்னிரண்டு முறை அடுக்கினால் ஏழு ஸ்தாயி (ஸ்தாயிக்கு இரு மடங்கு) மேலே உள்ள சட்ஜத்தையே அடைவோம் என்று எதிர்பார்க்கிறோம். கணக்கோ 128 மடங்குக்குப் பதிலாக ஏறத்தாழ 129.75 மடங்கில் போய் நிற்கிறது. எந்தக் கருவியாலும் தவிர்க்க முடியாத இந்த உபரியை எங்கே ஒளித்துவைப்பது என்பதுதான் சுருதிமுறைகளின் வரலாறு. ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காக்கும் இன்றைய முறையில் பஞ்சமம் சுமார் 2 சென்ட் (ஒரு பங்கின் நூறில் ஒன்றே ஒரு சென்ட்) மட்டுமே குறைகிறது. அந்தர காந்தாரமோ 5:4 என்ற தூய நிலையிலிருந்து ஏறத்தாழ 14 சென்ட் உயர்ந்துவிடுகிறது. தூயதும் உயர்ந்ததுமான இரண்டு காந்தாரங்களையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, அதிர்வு துடிப்பதைக் கேட்கவைத்த பிறகே சூத்திரத்தைக் காட்டுகிறார்கள். இந்த வரிசைமுறையே பாடத்தின் பெரும் பலம்.

ஒரே கார்டின் (ஒருசேர ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) சுரங்கள் மேல்கீழாக மாறினாலும் அதன் மூலச்சுரம் மாறுவதில்லை என்று 1722-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோ முன்வைத்த கருத்தும் தெளிவாகவே விளக்கப்படுகிறது.

தனித்தனி மெட்டுகளை ஒருசேர இணைத்து எழுதும் கலையான கவுன்டர்பாயின்ட் பகுதியில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1725-இல் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஃபுக்ஸ் வகுத்த ஐந்து படிநிலைகளைப் பின்பற்றும் பயிற்சிகளைக் கணினியே திருத்துகிறது. இரு குரல்கள் பஞ்சம இடைவெளியிலேயே இணையாக நகர்ந்தால் உடனே சிவப்புக் குறி விழும். அப்படி நகரும் குரல்கள் ஒன்றில் ஒன்று கரைந்து தம் தனித்தன்மையை இழக்கின்றன என்பதே தடைக்கான காரணம். அதை எங்கும் சொல்வதில்லை. அதே நகர்வைப் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி வேண்டுமென்றே நிறத்துக்காகக் கையாண்டார் என்பதும் பேசப்படாததால், ஒரு குறிப்பிட்ட பாணியின் தேர்வு இசையின் பொதுச்சட்டம் போலத் தோன்றிவிடுகிறது. பல்கலைக்கழக நிலைப் பாடத்தில் இதை எளிதில் மன்னிக்க முடியாது.

சுரங்களை எண்களின் தொகுதிகளாக்கி ஆராயும், இறுதியில் வரும் சுரத்தொகுதிக் கோட்பாடு அவசரமாக ஓடுகிறது. இரண்டு மத்யமம், ஆறு ரிஷப-காந்தாரச் சேர்க்கை, ஆறு தைவத-நிஷாதச் சேர்க்கை எனப் பெருக்கிக் கர்நாடக இசையின் தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்களை எட்டிய கணக்கு பழகியவர்களுக்கு இப்பகுதி அவ்வளவு அந்நியமாக இராது என்பது என் எண்ணம், மற்றவர்கள் திணறலாம்.

மேற்கத்திய இசைக்குறியீட்டைத் தடையின்றி வாசிக்கவும் கீபோர்டில் கார்டுகளை வாசித்துப் பார்க்கவும் தெரிந்தவர்களுக்கு இப்பாடத்தைப் பரிந்துரைப்பேன். முன்தகுதிப் பட்டியலில் கீபோர்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது இல்லாமல் ஹார்மனிப் (கார்டுகளைத் தொடுக்கும்) பயிற்சிகள் வெறும் காகித வேலையாகவே முடியும். கவுன்டர்பாயின்ட்டைப் பொறுத்தவரை, எழுதியதை ஆசிரியர் ஒருவர் படித்துத் திருத்தும் வகுப்பை வேறிடத்தில் தேடிக்கொள்வது நல்லது.