அலாஸ்கா க்ரூஸ் போறவங்க கவனத்துக்கு: ஜூனோ துறைமுகத்துல 740 டாலர் பறிபோச்சு

கப்பல் சியாட்டில் திரும்பி மூணு நாள்தான் ஆகுது. இன்னும் ஆத்திரம் அடங்கல. அடுத்த மாசம் இதே பயணம் போற நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கீங்க, அதனால உடனே எழுதறேன். என்னென்ன பாத்துக்கணும்னு கடைசியில சொல்றேன்.

ஊர்லேருந்து வந்திருக்கிற அப்பா அம்மாவுக்காகத்தான் இந்தப் பயணமே. அம்மாவுக்குத் திருச்செந்தூர் பக்கம். 2016 ஜனவரியில மணப்பாடு கரையோரம் திமிங்கலங்கள் கூட்டமா ஒதுங்கிச் செத்ததை நேர்ல பாத்தவங்க. "உயிரோட நீந்துற ஒண்ண பாத்துடணும்ப்பா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அதுக்கு ஜூனோ ரொம்ப நல்ல இடம். ஹவாய்ல குளிர்காலத்தைக் கழிச்ச கூனல்முதுகுத் திமிங்கலங்கள் கோடையில இரை தேடி அங்கதான் வருது.

கப்பல்காரங்களோட திமிங்கல டூர் ஆளுக்கு 239 டாலர். வெளியில சுற்றுலா டிக்கெட் விக்கிற ஒரு ஆன்லைன் தளத்துல 185. சின்னப் படகு, திமிங்கலம் தெரியலன்னா பணம் வாபஸ். அந்த ஊர்ல பல படகுக்காரங்க குடுக்கிற உத்தரவாதம்தான், அதனால சந்தேகம் வரல. இருந்தும் சாட்ல கேட்டேன். கப்பல் பேரை வாங்கிக்கிட்டு, "உங்க கப்பல் வர்ற நேரம் எங்களுக்குத் தெரியும், நீங்க ஏறாம வண்டி கிளம்பாது"ன்னு பதில் வந்துச்சு. அந்த ஒரு வரியை நம்பித்தான் கார்டு நம்பரைப் போட்டேன். நாலு பேருக்கு 740 டாலர்.

மதியம் 1:30க்கு ராபர்ட்ஸ் மலை ரோப் கார் அடிவாரத்துல வண்டி ஏத்தும், அங்கேருந்து 12 மைல் தள்ளி ஆக் பேயில படகுன்னு சொல்லியிருந்தாங்க. 1:10க்கே போய் நின்னோம். தூறல். அம்மாவுக்கு முட்டி வலி, உக்கார இடமில்ல. மத்த கம்பெனி பஸ்ஸெல்லாம் ஆளை ஏத்திக்கிட்டுப் போயிட்டே இருந்துச்சு. 2:30 வரைக்கும் நமக்கு ஒண்ணும் வரல. பக்கத்து கவுண்டர்ல இருந்த பொண்ணு பரிதாபப்பட்டு நம்ம டிக்கெட்ல இருந்த படகுக்காரருக்கு போன் போட்டுச்சு. "அந்தப் பேர்ல எங்களுக்கு புக்கிங்கே வரல, படகு எப்பவோ நிறைஞ்சிடுச்சு"ன்னாங்க.

தளத்துக்காரனைக் கூப்பிட்டா படகுக்காரர்தான் பொறுப்புங்கிறான். படகுக்காரர், பணம் வாங்கினது அவங்க, அவங்களைக் கேளுங்கங்கிறார். ராத்திரி கப்பல் கிளம்பினப்புறம் தளத்துலேருந்து ஒரு மெயில்: "நீங்க குறிச்ச நேரத்துக்கு வரல, சியாட்டில் நேரப்படி வந்திருப்பீங்க, அதனால ரீஃபண்ட் கிடையாது." அலாஸ்கா நேரம் சியாட்டிலுக்கு ஒரு மணி பின்னால. சியாட்டில் நேரத்தை வெச்சுக்கிட்டு வந்திருந்தா ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து நின்னிருப்போம், எப்படி வண்டியைத் தவற விடுவோம்? இதையே நாலு தடவை எழுதிட்டேன். நாலு தடவையும் அதே மெயில்தான் திரும்பி வருது. 740 டாலர், நம்ம ஊர்க் காசுல அறுபதாயிரத்துக்கு மேல.

பணத்தை விடுங்க. கடற்கரைப் பூங்காவுல வெண்கலத்துல ஒரு பெரிய திமிங்கலச் சிலை இருக்கு. பொழுது போகணுமேன்னு டாக்ஸி பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். அம்மா அதைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "இது போதும்ப்பா, நீ வருத்தப்படாத"ன்னாங்க. அதைக் கேட்டதுலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல.

கார்டு பேங்க்ல புகார் குடுத்திருக்கேன். 1:20க்கு ரோப் கார் முன்னாடி அம்மாவை எடுத்த போட்டோதான் கையில இருக்கிற ஒரே சாட்சி.

விவரமா எழுத இப்ப மனசு இல்ல. இடைத்தரகு தளத்துல வாங்காதீங்க, படகுக்காரர்கிட்டயே நேரடியா வாங்குங்க. ரெண்டு நாள் முன்னாடி அவங்களுக்கு போன் பண்ணி உங்க பேர் லிஸ்ட்ல இருக்கான்னு கேளுங்க. வயசானவங்க கூட வந்தா காசு கூடினாலும் கப்பல் டூரே எடுத்துடுங்க, அந்த டூர் லேட்டானா கப்பல் காத்திருக்கும். நிக்கிற இடத்துல போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. டெபிட் கார்டு வேண்டவே வேண்டாம்.